இங்கே போன காய்ச்சல் அங்கே ஏன் போகவில்லை?

போன இதழில், 2023 ஆம் ஆண்டில் மட்டும் உலகத்தில் 5 இலட்சத்து 97 ஆயிரம் பேர் மலேரியாவால் இறந்தார்கள் என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்குத்தான் இம்முறை இத்தனை கடிதங்கள். திருகோணமலை மாவட்டத்திலிருந்து வந்தவைதான் அதிகம். ஆகவே இந்த இதழில் வேறு நோய் எதுவும் இல்லை, முழுக்க மலேரியாதான்.

டொக்டர், அந்த எண்ணில் ஒரு பூச்சியம் கூடிவிட்டதா? மலேரியாவில் இன்னுமா இவ்வளவு பேர் சாகிறார்கள்? எங்கள் பள்ளிக்கூடத்தில் பத்தாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு மலேரியா என்றால் பாடப்புத்தகத்தில் வரும் ஒரு சொல், அவ்வளவுதான்.
*ஓர் ஆசிரியை, உப்புவெளி*

பூச்சியம் கூடவில்லை, ரீச்சர். உலக சுகாதார ஸ்தாபனத்தின் கணக்கு அது. அந்த ஆண்டில் நோய் வந்தவர்கள் 26 கோடியே 30 இலட்சம் பேர். நோயாளிகளில் 94 வீதம், மரணங்களில் 95 வீதம் ஆப்பிரிக்கப் பிராந்தியத்தில். அந்தப் பிராந்தியத்தில் இறந்தவர்களிலும் நாலில் மூன்று பங்கு ஐந்து வயதுக்குக் குறைந்த குழந்தைகள். அதாவது ஒரே ஆண்டில் நாலு இலட்சத்துக்கும் மேற்பட்ட சிறு பிள்ளைகள். 2012 குடிசன மதிப்பீட்டில் நம் திருகோணமலை மாவட்டத்தின் முழுச் சனத்தொகையே ஏறக்குறைய 3 இலட்சத்து 80 ஆயிரம்தான். மூதூர், கிண்ணியா, சேருவில, கந்தளாய், குச்சவெளி, பட்டினம் எல்லாம் சேர்த்து. உங்கள் பிள்ளைகளுக்கு இதை இப்படியே சொல்லுங்கள், புரியும்.

ஏன் குழந்தைகள் என்று அடுத்து கேட்பார்கள். பிறந்த குழந்தைக்குத் தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி சில மாதங்கள் இருக்கும். அது கரைந்த பிறகு, அந்த நோயைத் தானாகத் தாங்கும் சக்தி உடம்பில் ஊறுவதற்கு முன்னால் ஓர் இடைவெளி உண்டு, அந்த இடைவெளியில்தான் பிள்ளை அகப்படுகிறது. திரும்பத் திரும்ப நோய் வந்து தப்பிப் பிழைத்த பிள்ளைக்கு ஓரளவு எதிர்ப்பு வரும். வளர்ந்த பிறகு இரத்தத்தில் கிருமி இருந்தாலும் காய்ச்சல்கூடத் தெரியாமல் நடமாடுவார்கள், அவர்களைக் கடித்த நுளம்பு அதை அடுத்த வீட்டுத் தொட்டிலுக்குக் கொண்டுபோகும். அங்கே பெரும்பாலும் உள்ளது ஃபல்சிபாரம் என்ற வகை. அது இரத்தச் சிவப்பணுக்களை உடைத்து உடைத்துப் பிள்ளையை வெளிறப் பண்ணும், இரத்தம் ஏற்ற வேண்டிய அளவுக்கு. சில பிள்ளைகளுக்கு மூளையைத் தாக்கும். காலையில் காய்ச்சல் என்று படுத்த பிள்ளை வலிப்பு வந்து அடுத்த நாள் நினைவில்லாமல் கிடக்கும். அப்படித் தப்பிய பிள்ளைகளில் சிலருக்குப் படிப்பிலும் பேச்சிலும் குறை நிற்கும். அது மரணக் கணக்கில் வராது.

கணக்கில் வராத பாரம் இன்னும் நிறைய இருக்கிறது. கர்ப்பிணிக்கு வந்தால் கிருமி நச்சுக்கொடியில் குவிந்துவிடும், குழந்தை நிறை குறைந்து பிறக்கும், அப்படிப் பிறந்த குழந்தைக்கு மற்ற நோய்கள் எல்லாம் இலகுவில் தொற்றும். ஒரே பிள்ளைக்கு வருடத்தில் இரண்டு மூன்று தடவை வந்தால் ஒவ்வொரு தடவையும் பள்ளிக்கூடம் போகாது, தாய் வேலைக்குப் போக முடியாது, வைத்தியசாலைக்குப் போகக் கூலி, மருந்துக்குக் காசு. அதோடு மலேரியா பெருகுவது மழைக்காலத்தில், அதாவது வயலில் ஆள் வேண்டிய அதே நேரத்தில். பெரும்போகம் விதைக்கிற கிழமையில் வீட்டில் மூன்று பேர் நடுக்கத்தோடு பாயில் கிடந்தால் அந்த வருடம் அந்த வீட்டு நிலை என்ன என்பதை நம் தம்பலகாமத்து விவசாயிக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. வறுமையால் நோய் வருகிறது, நோயால் வறுமை கூடுகிறது, இரண்டையும் பிரித்துப் பார்க்க முடியாது.

நான் எழுபதைத் தாண்டியவன். சின்ன வயதில் எங்கள் ஊரில் முறைக்காய்ச்சல் வராத வீடே இல்லை. சுவருக்கு வெள்ளை வெள்ளையாக மருந்தடிக்க வருவார்கள், வீட்டுச் சாமான் முழுக்க முற்றத்துக்கு வரும். நாங்கள் ஒழித்துவிட்டோம், அந்த நாட்டுச் சனங்கள் ஏன் இன்னும் ஒழிக்கவில்லை? அக்கறை இல்லையா?
*மூதூர் வாசகர்*

இல்லை ஐயா, அக்கறைக் குறைவு என்று மட்டும் நினைத்துவிட வேண்டாம். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நாம் ஒழித்த கதையும் நேர்கோடு இல்லை.

1934–35 இல் மழை பொய்த்து ஆறுகள் வற்றிக் குட்டை குட்டையாக நின்றபோது வந்த கொள்ளைநோயில் இலங்கையில் ஏறக்குறைய 80 ஆயிரம் பேர் இறந்தார்கள். அதிகம் அடிபட்டது கேகாலை, குருநாகல் பக்கம். நம் வரண்ட வலயத்துச் சனம் ஏற்கெனவே வருடம் முழுக்க அந்த நோயோடு வாழ்ந்து ஓரளவு பழகிப்போயிருந்தது. பிறகு 1940 களின் நடுவில் டிடிடி வந்தது. நீங்கள் சொல்கிற வெள்ளை மருந்து அதுதான். 1963 இல் முழு நாட்டிலும் பதிவான நோயாளிகள் வெறும் 17 பேர். அதோடு வேலை முடிந்தது என்று நினைத்து மருந்தடிப்பதைக் குறைத்தார்கள், ஆட்களைக் குறைத்தார்கள், இரத்தம் பார்ப்பதும் தளர்ந்தது. 1969 இல் 5 இலட்சத்து 37 ஆயிரம் நோயாளிகள்! ஆறே வருடம். அப்புறம் டிடிடிக்கு நுளம்பு பழகிவிட்டதால் 1977 இல் மலத்தியன் என்ற வேறு மருந்துக்கு மாறினார்கள். அதற்குப் பிறகும் ஏறி இறங்கி ஏறி, 1999 இல் மீண்டும் 2 இலட்சத்து 64 ஆயிரம். அதில் பெரும்பங்கு யுத்தம் நடந்த வடக்கு கிழக்கில். நம் மாவட்டமும் அதில் இருந்தது.

அதற்குப் பிறகுதான் உண்மையான வேலை நடந்தது. எல்லா வீட்டுக்கும் கண்மூடித்தனமாக அடிப்பதை விட்டு நோய் உள்ள இடம் பார்த்து அடித்தார்கள், மருந்தூட்டிய வலை கொடுத்தார்கள், வைத்தியசாலை இல்லாத கிராமங்களுக்கு நடமாடும் கிளினிக் போனது, காய்ச்சல் என்று வந்தவரின் விரலில் ஒரு துளி இரத்தம் எடுத்து நுணுக்குக்காட்டியில் பார்க்காமல் விடவில்லை. யுத்தத்துக்கு நடுவிலும் இரு பக்கத்துக் கட்டுப்பாட்டுப் பகுதிகளிலும் மலேரியா ஊழியர்கள் வேலை செய்தார்கள், மருந்து போனது. அந்த ஊழியர்களுக்கு இந்த நாடு போதிய நன்றி சொல்லவில்லை என்பது என் கருத்து. 2012 ஒக்டோபரில் உள்ளூரில் தொற்றிய கடைசி நோயாளி. 2016 செப்டெம்பர் 5 இல் இலங்கை மலேரியா அற்ற நாடு என்று சான்றிதழ் கிடைத்தது.

சரி, இப்போது அவர்களைப் பாருங்கள். நம் ஊரில் மலேரியாவைப் பரப்பிய முக்கியமான நுளம்பு அனோபிலிஸ் கியூலிசிபேசீஸ். அதற்கு மனிதனைவிட மாட்டின் இரத்தம்தான் விருப்பம். ஆற்று மணலில் தேங்குகிற தெளிந்த குட்டைகளில் பெருகும். ஆப்பிரிக்காவில் உள்ள அனோபிலிஸ் காம்பியே அப்படியில்லை, மனிதனைத் தேடி வந்து கடிக்கும், வீட்டுக்குள்ளேயே தங்கும், மழை பெய்தால் மாட்டுக் குளம்பு பட்ட பள்ளத்திலும் லொறிச் சில்லு போன தடத்திலும் முட்டையிடும். உலகத்தில் உள்ள மலேரியா நுளம்புகளில் இதைவிடக் கெட்டிக்காரி குறைவு. கிருமியும் வேறு: நமக்கு அதிகம் வந்தது வைவாக்ஸ், ஆளைப் போட்டுப் புரட்டும், ஆனால் கொல்வது குறைவு. அவர்களுக்கு வருவது கொல்கிற வகை.

நாங்கள் ஒரு தீவு, அதையும் மறக்கக் கூடாது. கொங்கோ ஜனநாயகக் குடியரசுக்கு ஒன்பது நாடுகள் எல்லை. இங்கே காசில்லாமல் வைத்தியம், எந்த மூலையிலும் ஒரு மருந்தகம், எழுத வாசிக்கத் தெரிந்த தாய்மார். இவை எல்லாம் பல தலைமுறை உழைப்பு. அங்கே ஒரு தாய் காய்ச்சல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அரை நாள் நடந்து போனால் மருந்து முடிந்துவிட்டது என்று சொல்கிற நிலையங்கள் இருக்கின்றன. அந்தத் தாய்க்கு அக்கறை இல்லை என்று எப்படிச் சொல்வது? 2023 இல் உலக மரணங்களில் பாதிக்கு மேல் நைஜீரியா, கொங்கோ ஜனநாயகக் குடியரசு, நைஜர், தன்சானியா என்ற நாலு நாடுகளில் மட்டும் நடந்தது. நைஜீரியாவில் மட்டுமே ஏறக்குறைய மூன்றில் ஒன்று. உலகம் முழுக்க மலேரியா வேலைக்கு 2023 இல் 830 கோடி டொலர் தேவைப்பட்டது, கிடைத்தது 400 கோடி. பாதிகூட இல்லை. அதற்கிடையில் வலைக்குப் பூசுகிற மருந்துக்கு நுளம்பு பழகிக்கொண்டு வருகிறது, மலேரியாவைச் சுகமாக்குகிற ஆர்ட்டிமிசினின் மருந்துக்குக் கிருமி பழகுவதன் அறிகுறிகள் ருவாண்டா, உகண்டா, தன்சானியா, எரித்திரியாவில் உறுதியாகிவிட்டன.

ஆனாலும் முடியாத காரியம் இல்லை. அல்ஜீரியா 2019 இலும், கேப் வேர்ட் தீவுகள் 2024 ஜனவரியிலும், எகிப்து அதே வருடம் ஒக்டோபரிலும் சான்றிதழ் வாங்கின. மூன்றும் ஆப்பிரிக்கக் கண்டத்து நாடுகள்தான்.

இலவசமாகக் கொடுக்கிற நுளம்பு வலையை அங்கே மீன் பிடிக்கப் பாவிக்கிறார்கள் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். கடலை நம்பி வாழ்கிற எனக்கு அதைப் பார்த்துக் கோபம் வந்தது. அப்படியானவர்களுக்கு ஏன் வலை கொடுக்க வேண்டும்?
*நிலாவெளி வாசகர்*

சில இடங்களில் நடப்பது உண்மை தம்பி. தங்கனீக்கா ஏரிக் கரையிலும் மொசாம்பிக் கடற்கரையிலும் பார்த்து எழுதியிருக்கிறார்கள். அந்தச் சின்னக் கண்ணில் மீன்குஞ்சும் முட்டையும் சேர்ந்து வரும், மருந்தும் தண்ணீரில் கலக்கும். சுருக்கு வலைக்கு எதிராக நம் கரையில் நடந்த சண்டைகளைப் பார்த்த உங்களுக்குக் கோபம் வருவது நியாயம்.

ஆனால் அந்த வீடியோவை வைத்து முழுக் கண்டத்தையும் அளக்கக் கூடாது. கொடுக்கப்பட்ட வலைகளில் மிகப் பெரும்பாலானவை படுக்கைக்கு மேல்தான் தொங்குகின்றன. மீனுக்குப் போவது அதிகமும் கிழிந்த, பழைய வலை. 2000 தொடக்கம் 2015 வரை ஆப்பிரிக்காவில் தவிர்க்கப்பட்ட மலேரியா நோய்களில் மூன்றில் இரண்டு பங்கு வலையால்தான் தவிர்க்கப்பட்டது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். வேறு எந்த மருந்தும் தெளிப்பும் அந்த அளவுக்கு உதவவில்லை. இரவுச் சோற்றுக்கு வழியில்லாத வீட்டில் வலையைப் பார்த்தவுடன் முதலில் மீன்தான் நினைவுக்கு வரும். அதற்குப் பரிகாரம் மீன்பிடிக்கு ஒழுங்கான வலையும் வருமானமும். பிள்ளையின் தலைக்கு மேலுள்ள வலையை நிறுத்துவது பரிகாரம் ஆகாது.

என் மகனுக்கு மொசாம்பிக்கில் கட்டட வேலை கிடைத்திருக்கிறது, இரண்டு மாதத்தில் பயணம். ஊரில் எல்லாரும் டுபாய், கட்டார்தான் போவார்கள், இது எங்களுக்குப் புது இடம். ஏதும் ஊசி போட வேண்டுமா?
*ஓர் உம்மா, கிண்ணியா*

சகோதரி, இந்தக் கடிதத்தைப் பார்த்ததும் சந்தோஷப்பட்டேன், போவதற்கு முன்னால் கேட்கிறீர்களே.

மலேரியாவுக்குப் பயணிகள் போடும் ஊசி இல்லை, குளிசைதான். எந்த வகை என்பதைப் பொறுத்து வாரம் ஒன்று அல்லது தினம் ஒன்று. பயணத்துக்கு முன்பே தொடங்க வேண்டும், அங்கே இருக்கும் காலம் முழுக்க விடக் கூடாது, திரும்பி வந்த பிறகும் வைத்தியர் சொன்ன நாள் வரைக்கும், சில வகைகளுக்கு நாலு கிழமை, தொடர்ந்து எடுக்க வேண்டும். மகனுக்கு வலிப்பு, மனநோய், ஈரல் நோய் ஏதும் இருந்தால் முன்கூட்டியே சொல்ல வேண்டும், குளிசை அதற்கேற்ப மாறும். இந்த நாட்டில் இது இலவசம். மலேரியா தடை இயக்கத்தின் பிராந்திய அலுவலகத்தில் கேளுங்கள், வழி தெரியாவிட்டால் உங்கள் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்தில் கேட்டாலே சொல்லிவிடுவார்கள். வருடக்கணக்கில் தங்கி வேலை செய்யப் போகிறார் என்றால் அதையும் சொல்லுங்கள், அவ்வளவு காலத்துக்கு என்ன செய்வது என்று தனியாகத் திட்டம் போட்டுத் தருவார்கள். மருந்தூட்டிய வலை ஒன்றும் பெட்டியில் போட்டு விடுங்கள். அந்த நுளம்பு கடிப்பது இரவில், பிந்திய இரவில்தான் அதிகம்.

இதைவிட முக்கியமானது திரும்பி வந்த பிறகு. குளிசை ஒழுங்காகப் போட்டிருந்தாலும் காய்ச்சல் வந்தால் அன்றைக்கே வைத்தியசாலை. போனவுடன் முதல் வார்த்தையாக “நான் மொசாம்பிக்கிலிருந்து வந்தேன், மலேரியாவுக்கு இரத்தம் பாருங்கள்” என்று சொல்லச் சொல்லுங்கள். இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், 2017 இல் உங்கள் கிண்ணியா டெங்குவால் பட்ட பாட்டுக்குப் பிறகு காய்ச்சல் என்று யார் வந்தாலும் நம் வைத்தியர்களின் மனம் டெங்குவுக்குத்தான் முதலில் போகும், அது பிழையும் இல்லை. இன்றைக்கு வேலை செய்யும் இளம் வைத்தியர்களில் பலர் மலேரியா நோயாளி ஒருவரை நேரில் பார்த்ததே கிடையாது. டெங்கு என்று தண்ணீர் அளந்து கொடுத்துக்கொண்டு மூன்று நாள் போனால் ஃபல்சிபாரம் காத்திருக்காது. முதல் பரிசோதனையில் கிருமி தெரியாவிட்டாலும் காய்ச்சல் நின்றபாடில்லை என்றால் மறுபடி பார்க்க வேண்டும். வந்து பல மாதம் கழித்துக் காய்ச்சல் வந்தாலும் அந்த நாட்டின் பெயரைச் சொல்ல மறக்க வேண்டாம். வைவாக்ஸ் வகை ஈரலில் ஒளிந்திருந்து பிறகு எழும்பும்.

மாணிக்கக்கல் தேடி மடகஸ்கார் போய் வருகிற நம் நாட்டு வியாபாரிகள் மத்தியில் இந்த நோய் திரும்பத் திரும்பக் காணப்படுகிறது. அவர்களுக்கும் இதே அறிவுரைதான்.

குளமும் வயலும் வாய்க்காலும் உள்ள ஊர் எங்களுடையது. வெளிநாட்டிலிருந்து யாரோ கொண்டுவந்தால் மலேரியா திரும்ப வருமா?
*கந்தளாய் விவசாயி*

வரலாம். நுளம்பு போகவில்லை, கிருமிதான் போனது. கிருமி உள்ள ஓர் ஆள் வந்து, அவரைக் கடித்த நுளம்பு பத்துப் பதினைந்து நாள் உயிரோடு இருந்து, அடுத்தவரைக் கடித்தால் போதும். 2018 டிசம்பரில் மொனராகலை மாவட்டத்தில் அப்படியே நடந்தது: இந்தியாவிலிருந்து வேலைக்கு வந்த ஒருவரிடமிருந்து உள்ளூர்த் தொழிலாளி ஒருவருக்குத் தொற்றியது. உடனே கண்டுபிடித்து மருந்து கொடுத்ததால் அதற்கு மேல் பரவவில்லை.

கந்தளாய்க் குளத்தைப் பற்றிப் பயப்பட வேண்டாம், அலையடிக்கிற, மீன் உள்ள பெரிய தண்ணீரில் இந்த நுளம்பு அவ்வளவாகப் பெருகாது. வற்றிய ஆற்று மணல் குட்டை, கைவிட்ட கிணறு, கல்லுடைத்த குழி, இவைதான். என்னை அதிகம் கவலைப்படுத்துவது இன்னொன்று. 2016 இன் கடைசியில் மன்னாரில் அனோபிலிஸ் ஸ்டீபன்சி என்ற புது நுளம்பைக் கண்டார்கள். அது பட்டினத்து நுளம்பு. கிணறு, சீமெந்துத் தொட்டி, மூடாத தண்ணீர்த் தாங்கி எல்லாம் அதற்குப் போதும். 2012 இல் அது ஜிபூட்டி நாட்டுக்குள் வந்தபோது அங்கே அந்த வருட மலேரியா நோயாளிகள் 27 பேர். 2020 இல் 73 ஆயிரம். 2022 இல் எதியோப்பியாவில் டிரே டாவா நகரத்தில் வந்த பரவலுக்கும் அதே நுளம்புதான் காரணம். ஆகவே மலேரியா காட்டுப்பக்கத்து நோய், பட்டினத்துக்கு வராது என்ற பழைய கணக்கு இனிச் சரிவராது. பட்டினத்து வாசகர்களும் மொட்டைமாடித் தாங்கிக்கு மூடி இருக்கிறதா என்று ஏறிப் பாருங்கள்.

கிராமத்துக்கு மலேரியா ஊழியர் வந்தால் “நோய்தான் இல்லையே, ஏன் கிணறு பார்க்கிறாய்” என்று கேட்டு அனுப்பிவிடாதீர்கள். 1963 இல் நாடு முழுக்க அதைத்தான் கேட்டோம்.

மலேரியாவுக்குத் தடுப்பூசி கண்டுபிடித்துவிட்டார்கள் என்கிறார்களே, எங்களுக்கும் போடுவார்களா?
*க.பொ.த. உயர்தர மாணவி, திருகோணமலை*

நமக்குத் தேவையில்லை மகள். ஆர்டிஎஸ்,எஸ் என்பதை 2021 இலும், ஆர்21 என்பதை 2023 இலும் உலக சுகாதார ஸ்தாபனம் பரிந்துரைத்தது. இரண்டும் நோய் உள்ள நாடுகளின் குழந்தைகளுக்கு. முதலாவதைக் கானா, கென்யா, மலாவியில் 2019 இல் பரீட்சார்த்தமாகத் தொடங்கினார்கள், 2024 ஜனவரியில் கமரூன் வழக்கமான தடுப்பூசி அட்டவணையில் சேர்த்தது. நாலு தடவை போட வேண்டும், சின்னமுத்து ஊசி போல ஏறக்குறைய முழுப் பாதுகாப்பு கிடையாது, கூடவே வலையும் வேண்டும். இருந்தாலும் அத்தனை இலட்சம் பிள்ளைகளில் ஒரு பங்கு குறைந்தாலும் அது பெரிய விடயம். ஒட்டுண்ணிக்கு எதிராக மனிதருக்குப் பரிந்துரைக்கப்பட்ட முதல் தடுப்பூசி ஆர்டிஎஸ்,எஸ்தான். உயிரியல் படிக்கிறீர்கள் என்றால் அது ஏன் அவ்வளவு கடினமாக இருந்தது என்று தேடி வாசியுங்கள்.

பப்பாசி இலைச்சாறு, நிலவேம்பு குடித்தால் மலேரியா மாறுமா?
*குச்சவெளி வாசகி*

மாறாது. மலேரியாவைச் சுகமாக்குகிற ஆர்ட்டிமிசினின் ஒரு செடியிலிருந்து எடுத்ததுதான், அதைக் கண்டுபிடித்த சீன விஞ்ஞானி டு யுயூவுக்கு 2015 இல் நோபல் பரிசும் கிடைத்தது. ஆனால் அந்தச் செடியின் இலையைக்கூட அவித்துக் குடிக்க வேண்டாம் என்றுதான் உலக சுகாதார ஸ்தாபனம் சொல்கிறது, ஏனென்றால் கஷாயத்தில் எவ்வளவு மருந்து இறங்கியது என்று யாருக்கும் தெரியாது. குறைவாக இறங்கினால் நோயும் மாறாது, கிருமியும் மருந்துக்குப் பழகிவிடும். வெளிநாடு போய் வந்தவருக்குக் காய்ச்சல் என்றால் அடுப்பில் எதையும் வைக்க வேண்டாம், இரத்தம் பார்க்கக் கூட்டிக்கொண்டு போங்கள்.